படியேறும் கூலி

குழாய் வேலை செய்யும் மூத்த மாப்பிள்ளைக்குத் தம் சகலையின் ஸ்கூட்டர் ஓசை தெருக்கோடியில் கேட்டாலே வயிற்றில் கொள்ளி வைத்தாற்போலிருக்கும். மாமனார் குழாய்ச் சாமான் கடை வைத்திருப்பவர். கடைக்கு வந்துபோன பிளம்பர்களுள் பழுதில்லாதவர் என்று தேர்ந்த இருவருக்குத் தம் பெண்கள் இருவரையும் கொடுத்துவிட்டார். ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே மாமனார். அழுக்காறு முளைத்துத் தழைக்க இதனினும் நல்ல நிலம் ஏது?

இளைய மாப்பிள்ளைக்கு ஒரு விதி உண்டு. வாஷர் மாற்றினாலும் சரி, திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பினாலும் சரி, ஒரு வீட்டின் படியேறினால் முந்நூறு. அரைமணி நேரத்து வேலை அதனுள் அடக்கம். அதற்குப் ‘படியேறும் கூலி’ என்று பெயரும் சூட்டி, போனிலேயே சொல்லிவிடுவார்.

மூத்தவருக்கோ சின்ன வேலைக்குக் கூலி கேட்க நா எழாது. “இதுக்கெல்லாம் என்னங்க காசு, பெரிய வேலை வரும்போது பாத்துக்கலாம்” என்று கையை ஆட்டிவிட்டு இறங்கிவிடுவார். அதை அறமென்றே நம்பினார். ஆயினும் அந்த அறத்தின் அடியில் ஓர் ஆசையும் படுத்திருந்தது: இன்று இலவசமாய் இறுக்கிய குழாய் நாளை ஒரு வீட்டு வேலையாய்த் திரும்பி வரும் என்னும் ஆசை. வரவில்லை. பெரிய வேலைகள் சகலையின் ஸ்கூட்டரைத் தேடியே போயின.

“தங்கச்சி வீட்டுல புது ஃப்ரிட்ஜ் வந்திருக்கு. நம்ம வீட்டுல உங்க தருமம்தான் குளுகுளுன்னு இருக்கு” என்றாள் மனைவி. முந்நூறு கொடுத்தவர்கள் சகலையை வாசல்வரை வந்து வழியனுப்புவதையும், தம்மை இலவசமாய் ஏவியவர்கள் உள்ளிருந்தபடியே ‘சரிங்க’ என்பதையும் நினைத்து நினைத்து அவர் புழுங்கினார்.

அவருடைய கடைசி நம்பிக்கை மருந்துக்கடை அம்மா. அந்த வீட்டில் மூன்று முறை வேலை பார்த்து மூன்று முறையும் காசு வாங்காமல் வந்திருந்தார். இப்போது அங்கே மாடி எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு குளியலறை, ஒரு சமையலறை. அத்தனைக்கும் குழாய் போட வேண்டும். அது தமக்கே என்று மனத்துக்குள் பைப்பின் அளவைக்கூட எடுத்து வைத்திருந்தார்.

ஒரு காலையில் அந்த வீட்டு வாசலில் சகலையின் ஸ்கூட்டர் நின்றது.

மூத்தவர் எதிர்ச்சாரியில் சைக்கிளை நிறுத்தி, கழலாத சங்கிலியைக் கழன்றதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் சகலை வெளியே வந்தார். அம்மா சிரித்த முகத்தோடு நோட்டுகளைக் கொடுத்து, மாடியைக் கைகாட்டி ஏதோ கேட்டார். சகலை அண்ணாந்து பார்த்துத் தலையசைத்தார். மூத்தவரின் கையெல்லாம் சங்கிலி மசி. அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் பொறுக்கமாட்டாமல் நேரே போய்க் கேட்டேவிட்டார். தம்மை ஏன் அழைக்கவில்லை, தம் வேலையில் குறை ஏதும் உண்டா என்று.

அம்மாவுக்கு முகம் சிவந்தது. அவரைக் குளியலறைக்கு அழைத்துப்போய் ஒரு வாளியைக் காட்டினார். குழாய் நெடுநாளாய் ஒழுகியதென்றும், இந்த வாளியை வைத்துப் பிடித்துச் செடிக்கு ஊற்றிக்கொண்டே காலம் தள்ளியதாகவும் சொன்னார்.

“கூப்பிட்டா காசு வாங்க மாட்டீங்க. மூணு தடவை ஆச்சு. நாலாவது தடவை எந்த முகத்தை வச்சிக்கிட்டு கூப்பிடறது, சொல்லுங்க? அவர் இவ்வளவுன்னு சொன்னாரு. குடுத்தேன், நிம்மதியா கதவைச் சாத்திக்கிட்டேன்.”

“மாடி வேலை?”

“நேத்தே அட்வான்ஸ் குடுத்துட்டேன், அண்ணே.”

மூத்தவர் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். தாம் கொடையென்று கொடுத்ததெல்லாம் வாங்கியவர் தலையில் கடனாய்க் கனத்திருக்கிறது. தம்மை விலக்கியது சகலையல்ல. தாம் ஆட்டிய கையே. இது விளங்கியபின் பொறாமை போயிருக்க வேண்டும். போகவில்லை. விளங்கிய பொறாமை இன்னும் கூர்மையாய்க் குத்தியது.

கண் தானாகவே கழிவறைப் பக்கம் போயிற்று. ஃபிளஷ் தொட்டியில் நீர் நில்லாமல் சலசலத்தது. அதையும் அம்மா சொல்லக் கூசித்தான் விட்டிருந்தார் போலும். கேளாமலே மூடியைத் திறந்து, மிதவையைச் சரிசெய்து, கைகழுவி வந்தார். அம்மா தவிப்போடு நின்றார். மூத்தவர் முந்நூறு என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சகலையின் முகம் குறுக்கே வந்தது.

“முந்நூத்து அம்பது, அம்மா.”

சொன்ன மறுகணமே காது சுட்டது. ஆனால் அம்மாவோ பெருமூச்சு விட்டுப் பணத்தை எடுத்துவந்து இரு கையாலும் நீட்டினார். “அப்பாடா. அப்படியே அந்தச் சமையலறை சிங்க்கையும், தோட்டத்துக் குழாயையும் பாத்துடறீங்களா? கடையிலகூட ஒண்ணு ஒழுகுது.”

மாலையில் மூத்தவர் மாமனாரின் கடைக்குப் போனார். மாடி வேலைக்கான பைப்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த சகலை, கயிற்றை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

“என்ன சகல, மருந்துக்கடை அம்மாகிட்ட முந்நூத்து அம்பது வாங்கினீங்களாமே?”

“கேட்டேன். குடுத்தாங்க.”

“நான் இத்தனை நாளா முந்நூறுதானே வாங்கிட்டிருக்கேன்.” அந்தக் குரலில் இருந்த காந்தல் மூத்தவருக்கு வெகு பழக்கமானது.

மூத்தவர் மாமனாரிடம் வாஷர் ஒரு பொட்டலமும் மிதவை நான்கும் கேட்டார். கேட்கும்போதே கண் வண்டியின்மேல் போய், ஏற்றிய பைப்புகளை ஒவ்வொன்றாய் அளந்தது. சகலையின் கண் மூத்தவரின் சாமான் பையின்மேல் இருந்தது. மாமனார் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, இருவருக்கும் பில் போட்டார்.