பிள்ளை பிறக்கட்டும் என்று விட்ட கிளை

அணுபுரம் குடியிருப்பில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு குல்மோகர் மரம் உண்டு. நான் முதல் பிள்ளை உண்டாகியிருந்த வருடம், ஜூலையில் பூவெல்லாம் கொட்டி முடிந்ததும், வழக்கமாக மரத்தில் கிளை வெட்டிக் கழிக்க வரும் சதுரங்கப்பட்டினத்து ஏழுமலை வந்தார்.

"யக்கா, வூட்டுப் பக்கம் சாஞ்ச கிளை வெடிச்சிகினு கீது. மழைக்கு முன்னால கயிச்சிடலாம்" என்றார்.

நான்தான் தடுத்தேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வீட்டு மரத்தில் கத்தி வைக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். "பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். என் கணவர் படித்தவர்தான். ஆனாலும் என் மனம் நோகக் கூடாது என்று விட்டுவிட்டார்.

ஐப்பசியில் ஒரு காலை, கடற்காற்று ஆளையே தள்ளியது. மரத்தடியில் நின்ற ஸ்கூட்டரை உள்ளே ஏற்றக் கணவர் இறங்கிப் போனார். மடாரென்று சத்தம் கேட்டு ஓடினேன். ஏழுமலை காட்டிய அதே கிளை, என் கணவருடைய வலது தோள்மேல் கிடந்தது.

பத்தாம் நாள் மகள் பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஒருநாள்கூட அவளை அவர் இரண்டு கையாலும் தூக்கியதில்லை.

அதிலிருந்து, பூ கொட்டியதும் மழைக்குக் காத்திராமல் கழித்துவிடுகிறோம். இந்த வருடம் மாசமாக இருக்கும் என் தங்கை வந்திருந்தாள். "நான் இப்படி இருக்கும்போதா அக்கா?" என்று பதறினாள். நான் ஏழுமலையை மரத்தில் ஏறச் சொன்னேன்.

விழுந்த கிளைகளை என் கணவர் இடது கையால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே, வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்த இன்னொரு கிளையை ஏழுமலைக்குக் கைகாட்டினாள்.