காணாமல் போன ஃபைலும் போடி வீட்டு மருமகளும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பது, கெடுத்தவரிடமே போய் 'எப்படிக் கெட்டது?' என்று மரியாதையாகக் கேட்டு, 'தானாவே கெட்டுப்போச்சு' என்ற பதிலை வாங்கிக்கொண்டு, அவர் கொடுக்கும் காபியையும் குடித்துவிட்டு வருகிற தொழில். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள், ரேடியோ மெக்கானிக்குகள், மிக்சி பழுது பார்ப்பவர்கள் என்று இதே பாவத்தைச் செய்து பிழைக்கும் சகோதரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் கடைசியில் தேனியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் ஆளாக இருந்தேன். வீட்டு உபயோகத்துக்கு என்று நாங்கள் விற்ற பெட்டிகளில் ஒன்று போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி வீட்டு மாடியில் இருந்தது. அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். எதிர்க்கடைக்காரர் வாங்கப்போகிறார் என்று யாரோ சொன்னதைக் கேட்டு முந்திக்கொண்டு வாங்கியவர். அதை நிஜமாகவே உபயோகித்த ஒரே ஆள் அவருடைய மருமகள் ஜெயந்தி. கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, தபாலில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தார். மதுரையில் செய்முறைப் பரீட்சை இருந்தது. பழகிப் பார்க்க அந்த ஒரு பெட்டியை விட்டால் வேறு வழி கிடையாது. கணவர் மலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்கி வருவார். அவர் வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை.

அந்தக் காலத்துப் பெட்டியை அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு தடவையும் சிஸ்டம் ஃப்ளாப்பி என்ற மெல்லிய சதுர அட்டையைச் செருகினால்தான் எழுந்திருக்கும். அதில் ஒரு ஃபைல் குறைந்தாலும் 'காணோம்' என்று இங்கிலீஷில் ஒரு வரி போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் தேனிக்கும் போடிக்கும் பஸ்ஸில் தொங்கினேன்.

போன் வைத்தியம்

முதல் தடவை அண்ணாச்சி எங்கள் கடைக்குப் போன் செய்தார். பெட்டி நின்றுவிட்டதாம். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "இங்கிலீஷ்லதான்" என்றார். அதைப் படிக்கச் சொன்னேன். பின்னால் யாரையோ கூப்பிட்டுக் கேட்டார், இருமினார், போனைக் கை மாற்றினார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "என்னமோ காணோமாம் தம்பி. போன தடவை வந்தப்ப நீ ஏதும் எடுத்துட்டுப் போனியா?"

அழையா விருந்தாளி

திருட்டுப் பட்டத்தோடு போய் இறங்கினேன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "எல்லாம் அந்தப் புள்ளை தட்டுன தட்டுல போனது." ஜெயந்தி சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

ஃப்ளாப்பியைப் பார்த்தால், பெட்டிக்கு உத்தரவு போடும் கமாண்ட் ஃபைல் சுத்தமாக அழிக்கப்பட்டிருந்தது. தானாக அழிகிற சாதியில்லை அது. பெட்டி கொண்டுவந்து வைத்த அன்று அண்ணாச்சிக்கு நான் எத்தனையோ சொல்லிக் கொடுத்தேன். அவர் மனதில் தங்கியது, பெயர்களை வரிசையாகப் பார்ப்பதும் வேண்டாததை அழிப்பதும்தான். மெதுவாக விசாரித்தேன். முந்தின நாள் அவரே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஏலம், மிளகு, காபி என்று நமக்குத் தெரிந்த பெயர்களுக்கு நடுவே தெரியாத பெயர் ஒன்று. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி அழித்திருக்கிறார். அந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்வதில் காட்டியிருந்தால் எனக்கு பஸ் சார்ஜ் மிச்சம். அழித்த ஃபைலைத் திரும்ப ஏற்றிவிட்டு, அதுதான் பெட்டிக்கே எஜமான் என்று விளக்கினேன். கொஞ்சமும் அசையவில்லை மனிதர். "நம்ம வைக்காத பேரு நம்ம பெட்டிக்குள்ள எதுக்குத் தம்பி இருக்கணும்?"

குத்துக்கம்பி

அடுத்த முறை ஃபைல்கள் எல்லாம் இருந்தன, ஆனால் படிக்க முடியவில்லை. உறைக்குள் இருக்கும் வட்டத் தகடு முழுக்கக் கீறல். "பொம்பளைப் புள்ளைக்கு நகம் நீளம்" என்றார் அண்ணாச்சி. ஜெயந்திக்கு நகமே இல்லை. அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தவருக்கு எங்கிருந்து வளரும்?

வீட்டுக்குக் கீழே அண்ணாச்சியின் கடையில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே, பில்களைக் குத்தி வைக்கும் வளைந்த கம்பி தொங்கியது. லாரி ரசீது, கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில் கோத்திருந்தன. நான் ஜெயந்திக்குக் கொடுத்திருந்த பாடப் பயிற்சி ஃப்ளாப்பியும் அவற்றுக்கு நடுவே அழகாகக் கோத்திருந்தது. மாடியிலிருந்து வருகிற எந்த அட்டையையும் சாயங்காலம் கம்பியில் ஏற்றுவதும், காலையில் இறக்கி மேலே அனுப்புவதும் அவர் வழக்கமாம். சிஸ்டம் ஃப்ளாப்பியும் அப்படித்தான் தினமும் ஏறி இறங்கியிருக்கிறது. நான் தலையில் கை வைத்ததைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கம்பியில மாட்டத்தான நடுவுல ஓட்டை போட்டே குடுத்திருக்காக?"

புது ஃப்ளாப்பி போட்டுக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னபோது அண்ணாச்சி, கணக்குப்பிள்ளையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அவ்வளவுதான் தண்டனை. மருமகள் பக்கம் திரும்பியதும் முகம் மாறியது. இன்னொரு தடவை பெட்டி நின்றால் அதைக் கட்டி, மலை மேலே இருக்கும் வண்டன்மேட்டு குடோனில் போட்டுவிடுவதாகச் சொன்னார். ஏன் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்ல வேண்டும் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கஸ்டமர் ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

உயிருக்குப் பொட்டு

ஆயுத பூஜைக்கு முன்பே போய், பெட்டிக்குச் சந்தனம் வைப்பதானால் மேல்மூடியில் மட்டும் வையுங்கள், கீபோர்டில் தெளிக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தேன். பூஜை முடிந்து கூப்பிட்டார்கள் என்று போனால், மூடியில் ஒரு பொட்டு, கீபோர்டு சுத்தம். ஆனால் பெட்டி எழவில்லை. அண்ணாச்சியின் சம்சாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டு விலக்கு நாளில் மருமகள் பெட்டியைத் தொட்டதால் வந்த வினை என்றார். ஜெயந்தி கேட்கும்படியாகத்தான் அந்தத் 'தனியாக'.

ஃப்ளாப்பியை உருவினேன். உறையில் தகடு தெரிவதற்கென்று விட்டிருக்கும் சந்து வழியாக, தகட்டின் மேலேயே குழைத்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. யார் வைத்தது என்று கேட்டேன். அந்த அம்மாள் பெருமையாக ஒத்துக்கொண்டார்: "இதுலதான் பெட்டிக்கு உசுரு இருக்குன்னு நீங்கதானய்யா சொன்னீக. உசுரை விட்டுட்டு மூடிக்கு மட்டும் பொட்டு வைக்கிறதா?"

வேறு ஃப்ளாப்பி போட்டதும் பெட்டி அன்றைக்கே ஓடியது. ஆனாலும் மருமகள் இனி அதைத் தொடக் கூடாது என்று ஆகிவிட்டது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. படியிறங்கும்போது ஜெயந்தி கீபோர்டு படம் வரைந்த ஓர் அட்டையைக் காட்டினார், அதில் விரல் வைத்துப் பழகுகிறாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லட்ச ரூபாய்க்கு ஏலக்காய் பார்க்கும் வீட்டில் அட்டையில் தட்டிப் பழகுகிறது ஒரு பெண்.

தொடாத கை

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு மறுபடி கூப்பிட்டார்கள். மலையிலிருந்து வந்த ஒரு பெரிய வியாபாரிக்குப் பெட்டியைக் காட்டலாம் என்று அண்ணாச்சி சுவிட்சைப் போட்டிருக்கிறார். 'சிஸ்டம் இல்லை' என்று திரையில் வந்ததாம். வந்தவர் ஏலக்காய்ப் பால் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். அண்ணாச்சிக்கு அவமானம் தாங்கவில்லை. பெட்டியைக் கட்டி குடோனுக்கு அனுப்பக் கயிறே எடுத்து வைத்திருந்தார்கள்.

யார் தொட்டது என்று கேட்டேன். அந்தப் பெண் தொடவே இல்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், ஏனென்றால் அவர்கள்தான் காவல். அப்படியென்றால் அவர் எப்படிக் கெடுத்திருக்க முடியும் என்றேன். அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "தொடலைதான். ஆனா துணி காயப் போட அந்தப் பக்கமாத்தான போகுது?"

தேனிப் பெட்டி

பெட்டியின் வாயில் இருந்தது ஒன்றும் எழுதாத வெறும் ஃப்ளாப்பி. சிஸ்டம் ஃப்ளாப்பி எங்கே என்றேன். யாருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சி மட்டும் திடீரென்று இடுப்புச் சாவியைத் தடவினார். இரும்பு பீரோவைத் திறந்தார். நகைப் பெட்டிக்கு அடியில், வெல்வெட் துணியில் சுற்றிப் படுத்திருந்தது அது. மருமகள் கைக்கு அகப்படக் கூடாது என்று அவரே பூட்டி வைத்துவிட்டு, வெறும் வாயாக இருக்க வேண்டாமே என்று வேறொன்றைச் செருகியிருக்கிறார். பிறகு மறந்துபோனார். வாங்கிச் செருகினேன். பெட்டி சாதுவாக எழுந்தது.

அன்றைக்கு நான் கஸ்டமர் என்று பார்க்கவில்லை. "முதல்ல நீங்க, அப்புறம் கணக்குப்பிள்ளை, அப்புறம் அம்மா, இப்ப மறுபடியும் நீங்க. ஒரு தடவைகூட அவங்க இல்லை. ஏன் அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் அவங்க தலையிலயே போடுறீக?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே எனக்கு விவரம் போதவில்லை என்பது போலப் பார்த்தார். "பின்ன, வீட்டு ஆளுக மேலயா தம்பி பழியப் போடுறது?"

கயிற்றை யாரும் தொடவில்லை. ஜெயந்தி முதல் தடவையாகக் கூடத்துக்கு நடுவில் வந்து நின்றார். "அண்ணே, உங்க கடையில பகல்ல ஒரு பெட்டி சும்மாதான இருக்கு? பரீட்சை வரைக்கும் அங்கன வந்து பழகிக்கிறேன்" என்றார். இருக்கிறது, வாருங்கள் என்றேன். கடை முதலாளியிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். யாரைக் கேட்டு முடிவு செய்தாய் என்று அண்ணாச்சி மருமகளிடம் குரலை உயர்த்தினார். ஜெயந்தி திரையைக் கைகாட்டி நிதானமாகச் சொன்னார்: "இந்தப் பெட்டியத்தான மாமா தொடக் கூடாதுன்னு சொன்னீக. அது தேனிப் பெட்டி."

ஜெயந்தி பரீட்சையில் தேறினார், எங்கள் கடையிலேயே வேலைக்கும் சேர்ந்தார். போடி வீட்டில் அதற்குப் பிறகும் பெட்டி மாதம் தவறாமல் கெட்டது, யார் கெடுத்தது என்று கேட்பது மட்டும் அடியோடு நின்றுபோனது.