சக்கரபாணி எழுதாத கார்டு

விழுப்புரம் ஜங்ஷன் யார்டில் சக்கரபாணிக்கு நம்பர் டேக்கர் வேலை. வந்து நிற்கிற கூட்ஸ் வண்டியின் ஒவ்வொரு வேகன் நம்பரையும் நடந்தே குறித்துக்கொள்ள வேண்டும். பதினெட்டு வருஷத்தில் ஒரு நம்பர்கூட மாறியதில்லை. அந்தக் கர்வம் மனிதருக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான்.

அதே கண்ணோடுதான் நாவலும் படித்தார். திண்டிவனத்திலிருந்து ராஜாமணி என்பவர் மாதம் ஒரு துப்பறியும் கதை எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் துப்பறிபவர் நடராசன், அவருக்கு ஜட்கா ஓட்டுபவன் பச்சைமுத்து. 'மூன்றாம் நாவலில் நடராசனுக்கு இடது காலில் குண்டடி. ஆறாம் நாவலில் வலது காலை நொண்டுகிறாரே?' என்று சக்கரபாணி கார்டு போடுவார். ராஜாமணி உடனே திருத்திக்கொண்டு நன்றி எழுதுவார். அந்த நன்றிக் கார்டுகளைப் பார்க்காத ஆள் யார்டில் பாக்கியில்லை.

சக்கரபாணியின் மனைவி கோவிந்தம்மாளுக்கு எழுத்து தெரியாது. பகல் சாப்பாடு முடிந்ததும் அவர் படிக்க, அவள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே கேட்பாள். ஒன்பதாம் நாவலில், சவாரி ஏறிய ஒருத்தன் பச்சைமுத்துவைக் குத்திக் கொன்றுவிட்டான். இரண்டு நாள் கோவிந்தம்மாள் அடுப்பே மூட்டவில்லை. சக்கரபாணி ஓட்டலில் சாப்பிட்டார்.

1959 தை மாதம் பதினாலாம் நாவல் வந்தது. இரண்டாம் பக்கத்திலேயே பச்சைமுத்து ஜட்காவைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றான். அவனைக் கொன்றதையே ராஜாமணி மறந்துவிட்டார்! சக்கரபாணிக்குக் கை துறுதுறுத்தது. இவ்வளவு பெரிய பிழை இனிமேல் எங்கே சிக்கும்? கார்டை எடுத்தார்.

கோவிந்தம்மாள் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "இன்னாங்க பண்றீங்க? நீங்க எழுதுனா அந்த ஆளு மறுபடியும் கொன்னுடுவாரு! அவன் பாட்டுக்கு வண்டி ஓட்டிக்கினு இருக்கட்டுமேங்க."

"தப்பு தப்புதான்டி."

"உசுரோட வந்தவனப் பார்த்தா உங்களுக்குத் தப்பாத் தெரியுதா?"

நாலு நாள் அந்தக் கார்டு சட்டைப் பையிலேயே கிடந்து உறுத்தியது, பாவம். ஐந்தாம் நாள் மீதிக் கதையைப் படித்தார். பச்சைமுத்து குதிரையைத் திட்டுகிற இடத்தில் கோவிந்தம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கார்டை எழுதாமலே விட்டார்.

மாதக் கடைசியில் ராஜாமணியே கார்டு போட்டார்: 'இம்முறை தங்கள் கடிதம் வரவில்லை. பிழையே இல்லையா, அல்லது உடம்புக்கு ஏதாவதா?'

சக்கரபாணி வாழ்நாளில் முதல் தடவையாகத் தெரிந்தே தப்பாக எழுதினார்: 'பிழை ஒன்றும் இல்லை.'

"படிச்சுக் காட்டுங்க" என்றாள் கோவிந்தம்மாள். காட்டினார். அவளுக்கு அது போதவில்லை.

"கத்தி வச்சிக்கினு இருக்கிறவன் எவனையும் வண்டியில ஏத்த வேணாம்னு அதையும் எழுதுங்க."

அதையும் எழுதினார்.