முப்பத்தொரு நாளும் மிதிக்க நினைத்த நேசன் அண்ணை

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் நாங்கள் ஐந்து பெண்கள் ஓடாத சைக்கிள்களில் இருந்து மிதித்துக்கொண்டிருந்தோம். மண்டபத்துச் செயலாளர் கைபேசியும் கையுமாக உள்ளே வந்தார். "நேசன் அண்ணை மோசம் போயிட்டார். ஐஸிலை சறுக்கி விழுந்தவராம்" என்றார். எங்கள் கால்கள் நின்ற பிறகும் சில்லுகள் கொஞ்ச நேரம் சுற்றின. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்தக் குளிருக்குள்ளை கிழவனை ஆர் சைக்கிள் ஓடச் சொன்னது?" என்றும் கேட்டார்.

செத்த வீட்டிலும் இதே பேச்சு. வயது போன நேரத்தில் விளையாட்டு, சொல்வழி கேளாத மனுசன் என்று ஆளுக்கு ஆள் முடிவு கட்டினார்கள். முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலருக்கு என்னையும் எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அழகாக எழுத வராது. ஆனால் யார் எங்கே நின்று என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. அவர் தன் பிடிவாதத்தால் செத்தார் என்று இந்த மலரில் பதிய விடமாட்டேன்.

டென்மார்க்கில் இருபது வருடம் மீன் தொழிற்சாலைக்குப் பனியில் சைக்கிளில் போய் வந்தவர் அவர். பிறகு மனைவி ராணி அக்காவோடு மிச்சம் என்ற இந்த ஊருக்கு வந்தார். நான் அவரை முதலில் கண்டது ட்ராம் தரிப்பிடத்தில்.

"எவ்வளவு தூரம் போறியள் தங்கச்சி?" என்றார்.

"அடுத்த தரிப்பு."

"அடுத்த தரிப்புக்கு ட்ராமோ?"

"என்ரை கால், என்ரை பாஸ். உங்களுக்கென்ன?"

"கால் உங்கடைதான். அதுதான் கேட்டனான்."

மூன்று மாதம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுகர் ஏறி ஊசி போட வேண்டி வரும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், கோபம் ஆறாமலே, மண்டபத்தில் அவர் நடத்திய வகுப்புக்குப் போனேன். "வந்திட்டியளோ? ட்ராமிலையோ?" என்றார். அதற்கும் கோபித்தேன்.

பழைய சைக்கிள்கள் ஆறை வாங்கி, பின்சில்லை இரும்புத் தாங்கியில் பூட்டி, மண்டபத்தின் பின்பக்கம் வரிசையாக வைத்திருந்தார். கார்த்திகையில் தொடங்கினால் பங்குனி வரை. முதல் ஐந்து நிமிடம் மெதுவாக, பிறகு மூச்சு வாங்கும் அளவுக்கு, பிறகு மறுபடி மெதுவாக. முன்னுக்கு மின்சாரக் காத்தாடி ஓட வேண்டும். "குளிருது, நிப்பாட்டுங்கோ" என்று ஒருத்தி சொன்னால், "பத்து நிமிசம் போகட்டும், நீயே கூட்டி விடச் சொல்லுவாய்" என்பார். சொன்னபடி நடக்கும். வேகம் அவருக்குப் பெரிதில்லை. "குளிர் காலத்திலை ஒருத்தரையும் முந்த வேண்டாம். காலை மட்டும் படுக்க விடாதேங்கோ. படுத்த காலை எழுப்பிறது பெரும்பாடு" என்பது அவர் எப்போதும் சொல்வது.

அப்போது வாசலில் நின்று பார்த்துச் சிரித்த ஆம்பிளைகளை நான் மறக்கவில்லை. "ஓடாத சைக்கிளிலை எங்கை பிள்ளையள் போறியள், பருத்தித்துறைக்கோ?" என்று கேட்டவர்தான் செத்த வீட்டில் பத்து நிமிடம் ஒலிவாங்கி பிடித்து, "முதியோரின் உடல்நலனுக்காகவே வாழ்ந்த மாமனிதர்" என்று பேசினார். பெயர் எழுதினால் மலரில் வெட்டிவிடுவார்கள். அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

வெயில் எறித்த காய்ந்த நாட்களில் கொமன் என்ற பொதுப் புல்வெளிக்குக் கூட்டிப் போவார். மெல்லிய கையுறை, அதற்கு மேல் கம்பளி. ரயரில் காற்றுக் கொஞ்சம் குறைவு. வீடு திரும்பியதும் சங்கிலியில் பட்ட, ஐஸ் கரையத் தூவும் றோட்டு உப்பைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். அதற்கெல்லாம் முதல், புறப்படும்போது தெருவில் நிற்கும் காரின் கண்ணாடியைக் கையால் தடவிப் பார்ப்பார். சொரசொரப்பாக இருந்தால் அன்றைக்கு வெளியே ஓட்டம் இல்லை. ஒருநாள் நான் வீம்புக்கு, "வெயில் எறிக்குது அண்ணை, ஐஸ் எங்கை கிடக்குது?" என்றேன். "கண்ணுக்குத் தெரிஞ்சால் ஆர் விழுவினம் யோகம்? எல்லாரும் மண்டபத்துக்கு நடவுங்கோ" என்று திருப்பி அனுப்பினார். பனி நாளில் எங்களை வீட்டு வாசல் தாண்ட விடாத அந்த மனுசனைத்தான் சொல்வழி கேளாதவர் என்கிறார்கள்.

அப்படியானவர் ஏன் அந்தக் குளிரில் வெளியே போனார்? மண்டபத்துக்குள் வர முடியாததால் போனார்.

தை பிறக்கும் முன்பே ஊரில் அவருடைய தமையன் தவறினார். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. எங்கள் மண்டபத்தில் சாமிப் படங்கள் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை பூசை நடக்கும், ஆகவே துடக்குக்காரர் உள்ளே வரக்கூடாது. செயலாளர் மட்டும் தன் மாமனார் செத்த மாதத்துக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தார். கேட்டதற்கு, கூட்டம் நடந்த அலுவலக அறை வேறு, மண்டபம் வேறு என்றார். அதையும் மறக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு நேசன் அண்ணையை வாசலில் மறித்தவர் செயலாளர் அல்ல. நான்தான். துவாயும் தண்ணீர்ப் போத்தலுமாக வந்தவரை, "அண்ணை, துடக்கல்லோ? சனம் கதைக்கும்" என்று கதவில் கை வைத்துக்கொண்டு சொன்னேன். "ஓம், நான்தான் யோசிக்கேல்லை" என்றார். இதயத்தில் குழாய் வைத்த பிறகு, கால் ஓயக்கூடாது என்று டாக்டர் அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். "அப்ப உங்கடை மிதிப்பு?" என்று ஒருத்தி உள்ளேயிருந்து கேட்டாள். "மத்தியானம் பனி கரைஞ்சாப் பிறகு வெளியிலை பாப்பம். நீங்கள் காத்தாடியைப் போடுங்கோ" என்று சொல்லிப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பனி கரையும் வரை காத்திருந்துதான் ஓடினார். அந்தச் செவ்வாய் மட்டும் காலையிலேயே காரின் கண்ணாடி காய்ந்திருந்ததாம், தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனாராம். ரயில் பாலத்துக்குக் கீழே வெயில் படாத ஓர் இடம் உறைந்து கிடந்திருக்கிறது. விழுந்த இடத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது.

செத்த வீடு முடிந்த மறுநாள் ராணி அக்காவிடம் போனேன். வாசலில் வைத்துக் கேட்டார்: "உனக்கு இப்ப சுகர் எப்பிடி?"

"குறைஞ்சிட்டுது அக்கா."

"நல்லது. அதுக்குத்தான் அந்த மனுசன் நாலு வருசம் உன்னோடை மாரடிச்சது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

எனக்கு அது வேண்டியதுதான். ஆனால் வீட்டுக்கு வந்து இருந்தபோது இன்னொன்று தோன்றி என்னைக் குடைந்தது. அந்த இரும்புத் தாங்கி ஓர் அரிசி மூட்டைப் பாரம்கூட இல்லை. அவரை மறித்த அன்றே இரண்டு பேர் அதைத் தூக்கிப் போய் அவருடைய முன்னறையில் வைத்திருந்தால், துடக்கு வழக்கமும் கெட்டிருக்காது, மனுசனும் இருந்திருப்பார். ஐந்து பெண்கள், ஒரு நிர்வாகக் குழு, அதற்குத் தலைவர், உபதலைவர். சாமிக்குக் குறை வராமல் பார்க்கத் தெரிந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சாத்திரம் குறுக்கே நிற்கவில்லை. எங்கள் சோம்பலைச் சாத்திரத்தின் தலையில் கட்டினோம். "கிழவனை ஆர் ஓடச் சொன்னது" என்று செயலாளர் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில்.

போன கிழமை ஒருவரையும் கேட்காமல் மண்டபத்தில் ஒரு தாங்கியைக் கழற்றினேன். செயலாளர், "அது மண்டபத்துச் சாமான்" என்றார். "நேசன் அண்ணை வாங்கின சாமான். வழியை விடும்" என்றேன். என் மகளின் காரில் ஏற்றிப் போனேன். ராணி அக்கா கதவைத் திறந்து, தாங்கியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"இப்ப என்னத்துக்கு?"

"உங்களுக்கும் துடக்கு அக்கா. உங்களுக்கும் பிரெசர்."

கதவை விட்டு விலகினார். நான் உள்ளே போய், நடையில் சாத்தியிருந்த அண்ணையின் சைக்கிளை முன்னறைக்கு எடுத்து, பின்சில்லைத் தாங்கியில் பூட்டினேன். கைபிடி ஒரு பக்கம் நெளிந்திருந்தது. "சீற் எனக்கு உயரம்" என்றார் அக்கா. இறக்கினேன். "இனி நீ போ" என்றார்.

வெளியே வந்து நின்றேன். யன்னலுக்குள்ளால் சில்லு இரையும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டது. மணியை அடித்தேன்.

"என்ன?"

"காணாது அக்கா. இன்னும் பதினைஞ்சு நிமிசம்."

"போடி!" என்றார்.

நான் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் சில்லு மறுபடி இரைந்தது.

ராணி அக்கா என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச வேண்டாம். செவ்வாய்தோறும் போய் மணியை அடிப்பேன். ஆளை விடாமல் நின்று மிதிக்க வைக்கும் அந்த ஆக்கினைதான் நேசன் அண்ணையிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. அவரை மறித்த இந்தக் கைக்கு இனி அதுதான் வேலை.