காலுக்கு ஒரு பங்கு

இந்தக் கிழமையும் உமல் வந்திருக்கிறது. மன்னார் பஸ் நடத்துனர் அந்தப் பனையோலைப் பையை என் கையில் தரும்போதே மூக்கைச் சுளித்தார். "மிஸ், உங்கட கருவாட்டால பஸ் முழுக்க நாறுது." மற்ற நாட்களில் சிரித்திருப்பேன்.

நான் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் கற்பிக்கிறேன். கருவாடு அனுப்புகிறவன் பேசாலையில் இருக்கும் என் தம்பி. சண்டைக்காலத்தில் மிதிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவன். பிறகு அவனுக்கு இலவசமாகக் கிடைத்த செயற்கைக் கால்கள் எதுவும் உப்புத்தண்ணீரைத் தாங்கவில்லை. இரும்பு துருப்பிடிக்கும், பாதம் வெடிக்கும். "இதெல்லாம் ரோட்டில நடக்கிறவைக்குச் செய்த கால் அக்கா, எனக்கில்லை" என்பான்.

அவன் சொல்லிச் சொல்லித்தான் கடலுக்குப் போகிற கால் ஒன்றை எங்கள் துறை செய்யத் தொடங்கியது. உப்பு அரிக்காத பொருள், மணலில் புதையாத அகன்ற பாதம். அளவெடுத்ததும் அவனிடம்தான். அதைப் போட்டுக்கொண்டு அவன் முதன்முதல் வள்ளத்தை இடுப்பளவு தண்ணீருக்குள் தள்ளிய அன்று, அவன் மனைவி கரையில் நின்று வாய்விட்டு அழுதாள். சுவாமியாரைக் கூப்பிட்டு, புது எஞ்சினை மந்திரிப்பது போலக் காலையும் மந்திரித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பிடிபட்ட மீனைப் பிரிக்கும்போது ஆட்களுக்கு மட்டுமல்ல, வள்ளத்துக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் பங்கு உண்டு. எஞ்சின் யாருடையதோ, எஞ்சின் பங்கு அவருக்கு. தம்பி காலுக்கும் ஒரு பங்கு போட்டான். கால் கம்பஸுடையது, அதாவது எங்கள் பல்கலைக்கழகத்துடையது; ஆகவே அந்தப் பங்கும் கம்பஸுக்கு!

"விசரா, அது சும்மா தந்தது" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்.

"சும்மா வந்த சாமான் நிலைக்காது அக்கா. பங்கு போனால்தான் தொழிலுக்கு நல்லது."

பாரை, சூடை, ஒரு தரம் நல்ல அறக்குளாக் கருவாடு. துறையில் எல்லோரும் பிரித்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். நானும் சப்புக்கொட்டித் தின்றேன்.

அந்த நேரம் துறையை விரிவாக்க அரசிடம் நிதி கேட்டிருந்தோம். தொட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது காட்டுங்கள் என்றார்கள். அமைச்சிலிருந்து வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பேசாலை மணலில் நின்று, தம்பி வள்ளம் தள்ளுவதைப் படம் பிடித்தார்கள். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று அவர்கள் கேட்கக் கேட்க, அவனும் முகம் சுளிக்காமல் வள்ளத்தை இழுப்பதும் தள்ளுவதுமாக நின்றான். நிதி வந்தது. புதுக் கட்டடம், புது இயந்திரங்கள், கூடுதல் மாணவர்கள். துறைத்தலைவர் கதிரை எனக்கு. பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது.

திறப்பு விழா நெருங்கும்போது மேலிடத்திலிருந்து சொன்னார்கள்: முதல் மாதிரியாகச் செய்த கால் அரச சொத்து, அது வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிரந்தரமாக இருக்கவேண்டும். அந்த ஒரு காலைத்தான் செய்திருந்தோம். இன்னொன்று செய்ய ஒதுக்கீட்டில் இடமில்லை. கட்டடத்துக்கு உண்டு, ஏசிக்கு உண்டு, காலுக்கு இல்லை. அந்தத் திட்டத்தை எழுதியவளே நான்தான். அறப்படித்த பல்லி கூழ்ப்பானைக்குள் விழுந்த கதை. ஏலாது என்று சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் என் வாய் திறந்தது தேத்தண்ணி குடிக்க மட்டும்தான்.

எடுத்துவர நானே போனேன். பஸ் மன்னார்த் தீவுக்குள் இறங்கும் பாலத்தில் ஏறியபோதே திரும்பிவிடலாமா என்றிருந்தது. நல்ல தொழில் காலம் அது. கரையில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன, வள்ளங்கள் எல்லாம் கடலில். தம்பி எனக்காக வீட்டில் நின்றிருந்தான். முற்றத்துக் கதிரையில் இருந்து காலைக் கழற்றி, நல்லதண்ணீரில் கழுவி, துவாயால் துடைத்துத் தந்தான்.

அவன் மனைவிதான் கேட்டாள். "எப்ப திரும்பித் தருவியள்?"

"விழா முடியட்டும்" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லையாம்! தருவேன் என்றா சொன்னேன், விழா முடியட்டும் என்றுதானே சொன்னேன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். சீ, என்ன பிறவி நான்.

விழா முடிந்துவிட்டது. பெட்டிக்குள் விளக்குப் போட்டிருக்கிறார்கள். புது மாணவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். நான் பின்கதவால் போய் வருகிறேன்.

தம்பி இப்போது கடலுக்குப் போவதில்லை. ஊன்றுகோலோடு வள்ளம் தள்ள முடியாது. கரையில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்துகிறான். இதெல்லாம் தெரிந்திருந்ததால்தான், இன்றைக்கு அந்த உமலைக் கண்டதும் உடனே போன் எடுத்தேன்.

"டேய், கடலுக்கே போகேல்லை, பிறகென்ன பங்கு? பிள்ளையளுக்குக் காய்ச்சிக் குடு!"

"வலை பொத்தினதுக்கு மீன் தருகினம் அக்கா. அதில எடுத்து வைச்சது. கொஞ்சம்தான், குறை நினையாதேங்கோ."

"கால்தான் உன்னட்ட இல்லையேடா."

"எஞ்சினைத் திருத்தக் கொண்டுபோனால் எஞ்சின்காரன்ர பங்கை நிப்பாட்டுறதோ? நாளைக்குத் திரும்பி வரேக்க என்ன முகத்தோட வாங்குறது?"

பிறகு அவனே கேட்டான்.

"வரும்தானே அக்கா?"

"ஓம்" என்றேன்.