கோமதியின் ஏழு ஒன்றுகள்

செவ்வாய்க்கிழமை காலை மயிலாப்பூர் குளத்தருகே ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தபோது கோமதியின் தம்பி அழைத்தான். "அக்கா போய்டுச்சுக்கா" என்று மட்டும் சொன்னான். ஆட்டோ வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. குளத்தை இரண்டு முறை சுற்றி நடந்தேன். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காரணம் துக்கம் மட்டுமல்ல. அதைத்தான் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு எழுதுகிறேன்.

கணக்கு வழிகாட்டி நூல்களில் விடைகளைச் சரிபார்ப்பது எங்கள் இருவரின் வேலை. ஒருமுறை ஒரு விடையில் கடைசி இலக்கம் தவறியிருந்தது. அச்சுக்குப் போகும் நேரம், விட்டுவிடலாம் என்றேன். "எங்கியோ ஒரு புள்ள கரெக்டா போட்டு வச்சிருக்கும். நம்ம புக்க பாத்துட்டு அத்த அடிச்சிடும்டி" என்று அச்சகத்துக்கே கிளம்பிவிட்டாள்.

மின்சாரம் போன ஒரு மதியம் 1111111 என்று எழுதி என் பக்கம் தள்ளினாள்.

"இது பகா எண்ணு. ஏழு பேரு தோள் சேத்து நிக்கிறானுங்க பாரு, எவனும் உள்ள பூர முடியாது."

கணினியைக் கேட்டால் நொடியில் சொல்லிவிடும் என்றேன்.

"அது சொல்லி எனக்கு இன்னா ஆவப்போவுது? நீ போய் அத்தயே கட்டிக்கோ."

1054 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதைவிடப் பெரிய காரணி ஒன்று இருந்தால், அதன் ஜோடி அதற்குள்ளேயே அகப்பட்டுவிடும். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பறக்கும் ரயிலில் வரும்போது நாளுக்கு ஒரு வகுத்தல். மாதக்கணக்கில் செய்தாள். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. முடித்த அன்று எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

அன்று மாலை அவள் வகுத்தல்கள் போட்டிருந்த நோட்டை இரவல் வாங்கி ஆதம்பாக்கத்தில் என் வீட்டுக்கு எடுத்துப் போனேன். 239ஆல் வகுத்த பக்கத்தில் 1551இலிருந்து 1434ஐக் கழித்து 127 என்று எழுதியிருந்தாள். 117 வர வேண்டும். அவளுக்கு மீதி 44. சரியாகப் போட்டால் மீதியே இல்லை. 239ஐ 4649ஆல் பெருக்கினால் அந்த ஏழு ஒன்றுகள்.

மறுநாள் சொல்ல நினைத்தேன். ஆனால் மறுநாள் அவள் காய்ச்சலோடு அடையாறில் ஒரு மருத்துவமனையில் இருந்தாள். நான் போனபோது நர்ஸிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். "கையால போட்டே கண்டுபுடிச்சேன் சிஸ்டர்."

பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னாடி, எத்தயோ முழுங்கிக்கினு நிக்கிற?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

"பொய் சொல்ற மூஞ்சி கீது உனுக்கு. வெளிய வந்து வச்சிக்கிறேன்."

அவள் வெளியே வரவில்லை.

அவள் படத்தோடு அச்சிடும் நினைவு அட்டையில் 'கோமதி கண்ட பகா எண்' என்று அதைப் போட முடிவு செய்திருக்கிறீர்கள். அன்பினால்தான். ஆனாலும் போடாதீர்கள். அது பகு எண். அன்றே சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பாள், உடனே பேனா கேட்டு அந்த வகுத்தலை மறுபடி போட்டிருப்பாள். கடைசியில் மீதி இல்லாமல் வருவதை அவள் பார்த்திருக்கலாம். அதை நான் கெடுத்துவிட்டேன்.

நோட்டை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான் தம்பி. மற்ற வகுத்தல்களையும் கையால் சரிபார்த்து வருகிறேன். வகுக்கும் எண் அறுநூறைத் தாண்டிவிட்டது. இன்னொரு பிழை கிடைக்கவில்லை.