சாக்கடை யாருடையது?

நீர்வாழ் உயிரினமும் நீர் நிர்வாகமும் படிக்கிறவர்களுக்கு மீனைக் கண்டுபிடிப்பது சுலபம். அந்தத் தண்ணீர் யாருடையது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் பட்டம் தருகிறார்கள். ஒரு கையெழுத்துக்காக மூன்று மாடி ஏறி இறங்கியவர்கள் என் முட்டிவலியைப் புரிந்துகொள்வீர்கள்.

அளந்து விட்ட மீன்

ஜெலுத்தோங்கில் ஒரு மோட்டார் பட்டறைக்குப் பின்னால் ஓடும் பெரிய சாக்கடைதான் என் ஆய்வு. மூன்று மாதம், மாதம் ஒருமுறை மீன்களைப் பிடித்து, அளந்து, திரும்ப விட வேண்டும். முதல் நாளே வலையில் நல்ல விரால், இங்கே எல்லோரும் அதை ஹாருவான் என்பார்கள். அளந்துவிட்டுத் தண்ணீரில் விட்டேன். பட்டறைக்காரர் செல்வம் அண்ணே ஸ்பேனரோடு ஓடி வந்தார்.

"என்னா தங்கச்சி, விட்டுட்டியே! என் பொண்டாட்டிக்கு ஆப்பரேஷன் ஆயிருக்கு, காயம் ஆற ஹாருவான் சூப்புக்கு பாசார் பாசாரா அலையறேன் லா."

"லொங்காங் மீன் அண்ணே அது, சாக்கடைத் தண்ணில வளந்தது!"

"காயத்துக்கு அதெல்லாம் தெரியுமா?"

மூன்று கவுண்டர்

இரண்டாம் மாதக் கணக்கும் முடிந்த பிறகு, என் ஆய்வுக்குப் பொறுப்பான மேடம், அனுமதிக் கடிதம் இல்லாவிட்டால் ஆய்வேடு செல்லாது என்றார். முதல் அலுவலகத்தில் சாக்கடையின் சுவர் மட்டும்தான் தங்களுடையது என்றார்கள். இரண்டாவது அலுவலகத்துக்குப் பாலத்தைத் தாண்டிய தண்ணீர்தான் சொந்தம். மூன்றாவது அலுவலகம் மீனை ஒப்புக்கொண்டது, ஆனால் அது ஆற்றில் இருக்க வேண்டும். அந்தக் கவுண்டரில் இருந்த தமிழ் அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நீங்க நிக்கிற எடம் யாருக்கும் சொந்தமில்லம்மா. நிம்மதியா பிடிங்க. லெட்டர் மட்டும் கேக்காதீங்க."

பதில் வந்தது

விடாமல் கடிதம் கேட்டு மூன்று அலுவலகங்களுக்கும் இணையத்தில் எழுதினேன். அவர்களுடைய படிவத்தில் 'புகார்' தவிர வேறு கட்டமே இல்லை. அதையே தட்டி, சேறு, புல், ஆழம் எல்லாவற்றையும் படத்தோடு அனுப்பினேன். மூன்றாம் மாதம் வலையோடு போனால், சாக்கடை அடி சிமெண்டு வரை பளிச்சென்று கிடந்தது. கைப்பேசியில் ஒரு செய்தி: புகார் தீர்க்கப்பட்டது. செல்வம் அண்ணே பட்டறையிலிருந்து கையாட்டினார்.

"அள்ளிட்டுப் போன மண்ணு லாரில மீனெல்லாம் துள்ளிக்கிட்டு கெடந்துச்சு தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிட்டேன். நீ கணக்குல எழுதிக்க. என் பொண்டாட்டிக்குக் காயம் நல்லா ஆறிடுச்சு."

தலைப்பு மாற்றம்

அழாத குறையாக அந்தச் செய்தியை மேடத்திடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அனுப்பிய அலுவலகத்தின் பெயரை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

"சுத்தம் பண்ணவங்கதானே சொந்தக்காரங்க? கண்டுபிடிச்சிட்டியேம்மா! தலைப்புல இருந்து மீன எடுத்துடு."

இப்போது என் ஆய்வேட்டில் நிர்வாகத்துக்கு நான்கு அத்தியாயங்கள், மீனுக்கு ஓர் அடிக்குறிப்பு, அதையும் ஒரு வீட்டில் சூப் வைத்துவிட்டார்கள்.